ஹெரால்டு கதவுக்குள் இருந்த யூரியா சாக்கு

போன வருஷம் ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை காலை, ஒரு மணி நேர வேலைதானே என்று ஆரம்பித்தது பொங்கல் வரைக்கும் இழுத்தது. எங்கள் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் டிரைவர் பக்க ஜன்னல் கண்ணாடி பாதியில் சிக்கிக்கொண்டது. டோர் பேடை, அதாவது கதவின் உட்பக்கத்தை மூடியிருக்கும் ரெக்சின் போர்த்திய பலகையை, கழற்றி, உள்ளே கிரீஸ் வைத்து, திரும்ப மாட்ட வேண்டும். அவ்வளவுதான். அதில் எனக்குப் போனது 14,150 ரூபாய், ஏழெட்டு ஞாயிற்றுக்கிழமை, அப்புறம் வீட்டில் கொஞ்சநஞ்சம் இருந்த மரியாதை. யாராவது முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இதில் பாதி மிஞ்சியிருக்கும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வண்டி அப்பாவுடையது. 1969 மார்க் 3, நாலு கதவு. 1978-ல் செகண்ட் ஹேண்டாக வாங்கினார். நாங்கள் இருப்பது தாம்பரத்தில், வண்டி பிறந்தது பக்கத்தில் வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில், அதனால் அப்பா அதை ‘லோக்கல் பையன்’ என்றுதான் சொல்வார். அவர் போன பிறகு இரண்டு வருஷம் கவர் போட்டே நின்றது. 948 சிசி என்ஜினைக் கிளப்ப நான் அவ்வளவு கஷ்டப்படவில்லை, முன்பக்கம் முழுசாகக் கவிழ்ந்து திறக்கும் பானெட் என்பதால் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். அந்தத் தைரியத்தில்தான் கதவில் கை வைத்தேன். என்ஜினே பார்த்தாகிவிட்டது, கதவு என்ன பெரிய கதவு என்று.

முதல் தப்பு ஹேண்டிலில். வீடியோக்கள் பார்த்திருந்தேன். அதில் கண்ணாடி ஏற்றும் ஹேண்டிலுக்குப் பின்னால் குதிரை லாடம் மாதிரி ஒரு கம்பிக் கிளிப் இருக்கும், துணியை உள்ளே விட்டு இப்படியும் அப்படியும் இழுத்தால் அது துள்ளி வெளியே விழும். பல வண்டிகளுக்கு அது சரிதான். நானும் ஒரு பழைய வேட்டிக் கிழிசலை எடுத்துக்கொண்டு அரை மணி நேரம் இழுத்தேன், ஷூவுக்குப் பாலிஷ் போடுவது போல. ஒன்றும் வரவில்லை. சரி, துரு பிடித்திருக்கும் என்று இரண்டு ஸ்க்ரூ டிரைவரை இரண்டு பக்கமும் விட்டு நெம்பினேன். முதலில் ஹேண்டிலுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் வளையம் இரண்டாக உடைந்தது, அடுத்து ஹேண்டிலே கழுத்தில் உடைந்தது. பழைய ஹேண்டில்கள் துத்தநாக வார்ப்பு, மேலே குரோம் பூச்சு. பார்க்க இரும்பு மாதிரி இருக்கும், ஆனால் வளையாது, நேராக உடைந்துதான் போகும். புதுப்பேட்டையில் மூன்று கடை ஏறி இறங்கி ஒரு பழைய ஹேண்டில் கிடைத்தது, 850 ரூபாய். வளையம் இரண்டு 400.

அந்த ஹேண்டிலை விற்ற பெரியவர்தான் சொன்னார், “தம்பி, இதுல கிளிப்பே கிடையாது. வளையத்த உள்ள அழுத்திப் பாரு.” வீட்டுக்கு வந்து அடுத்த கதவில் வளையத்தை இரண்டு கட்டைவிரலாலும் பேடை நோக்கி அழுத்தினேன். ஸ்பிரிங் மாதிரி உள்ளே போனது. ஹேண்டிலின் கழுத்தில் குறுக்கே ஒரு துளை, அதில் ஒரு குட்டி பின், ஆணித் துண்டு மாதிரி. ஆணியால் தட்டினால் அந்தப் பக்கம் வெளியே வருகிறது, ஹேண்டில் தானாகக் கையில் வருகிறது. பத்து நொடி வேலை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கதவு திறக்கும் உள் ஹேண்டிலும் இதே கதைதான்.

இதற்கு நான் அப்புறம் செய்துகொண்ட கருவி, ஒரு துண்டு பிளைவுட்டில் U வடிவத்தில் ஒரு வெட்டு. அதை வளையத்தின் மேல் வைத்து ஒருவர் அழுத்திப் பிடித்தால் இன்னொருவர் பின்னைத் தட்டலாம். தனியாகச் செய்ய முடியும், ஆனால் மூன்று கை வேண்டியிருக்கும். அந்தக் குட்டி பின் தெறித்து விழும், நிச்சயம் விழும், அதனால் கீழே ஒரு வெள்ளைப் போர்வையை விரித்துவிடுங்கள். நான் தட்டிய முதல் பின், சீட்டுக்கு அடியில் இருக்கும் தண்டவாளத்துக்குள் போய், மறுநாள் காந்தத்தை நூலில் கட்டித் தூண்டில் போட்டுத்தான் எடுத்தேன். இன்னொன்று, கழற்றுவதற்கு முன்னால் கண்ணாடியை முழுக்க ஏற்றி, ஹேண்டில் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் திரும்ப மாட்டும்போது கண்ணாடி மூடிய நிலையில் அது உங்கள் முழங்காலில் இடித்துக்கொண்டு நிற்கும்.

அடுத்தது பேட். ஆர்ம்ரெஸ்ட் ஸ்க்ரூக்களைக் கழற்றிவிட்டு, ஓரத்தில் விரலை விட்டு ஒரே இழுப்பு. சத்தமே வரவில்லை. வந்திருந்தால் பயந்தாவது நிறுத்தியிருப்பேன். பேட் என்பது 3 மில்லிமீட்டர் ஹார்ட்போர்டு, மேலே கொஞ்சம் பஞ்சு, அதற்கு மேல் ரெக்சின். சுற்றிலும் பின்பக்கத்தில் ஸ்பிரிங் கிளிப்கள், அவை கதவுத் தகட்டின் துளைகளில் போய்ப் பிடித்துக்கொள்ளும். ஐம்பது வருஷ ஹார்ட்போர்டின் கீழ் ஓரம் டீயில் முக்கிய ரஸ்க் மாதிரி ஆகியிருந்தது. நான் இழுத்த இழுப்பில் ரெக்சின் என்னோடு வந்தது, கிளிப்களும் அவற்றைச் சுற்றியிருந்த போர்டும் கதவிலேயே நின்றுவிட்டன.

எப்படிச் செய்திருக்க வேண்டும் என்றால், பெயிண்டர்கள் பட்டி பார்க்கும் அகலமான தகட்டை எடுத்து, முனையில் டேப் சுற்றி, கீழ் மூலையில் உள்ளே விட்டு மெதுவாக நகர்த்த வேண்டும். எங்கே தட்டுப்படுகிறதோ அங்கே கிளிப். அந்தக் கிளிப்பின் இரண்டு பக்கமும் தகடு இருக்கும்படி வைத்து நெம்ப வேண்டும், இரண்டு கிளிப்களுக்கு நடுவில் நெம்பினால் போர்டு உடையும். ஒரு பக்கத்துக்கு ஐந்து நிமிஷம் ஆனாலும் ஆகட்டும். வரவில்லையா, நிறுத்திவிட்டு எங்கேயாவது ஸ்க்ரூ ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய வண்டியில் முந்தைய மெக்கானிக் யாராவது கிளிப் கிடைக்காமல் ஸ்க்ரூ அடித்து, தலையில் ரெக்சின் துண்டு ஒட்டி மறைத்திருப்பார். பின் வலதுபுறக் கதவில் எனக்கு அப்படி இரண்டு கிடைத்தது. பேட் நொறுங்கிப் போனாலும் தூக்கிப் போடாதீர்கள். அதுதான் உங்கள் அளவு. நான் நொறுங்கிய துண்டுகளைப் பெருக்கிக் குப்பையில் கொட்டிவிட்டு, புது பேடுக்குக் கீழ்வரிசைத் துளைகளை உத்தேசமாகக் குறித்தேன். அதன் பலனை அப்புறம் அனுபவித்தேன்.

இப்போது நான் செய்த பெரிய தப்பு. பேடுக்குப் பின்னால், கதவுத் தகட்டின் மேல், ஒரு அழுக்கு பிளாஸ்டிக் தாள் தார் மாதிரி எதனாலோ ஒட்டியிருந்தது. யூரியா மூட்டையின் உள்பை. ஓரத்தில் மூட்டை தைத்த நூல்கூட அப்படியே இருந்தது. அப்பா எப்போதோ ஊரிலிருந்து கொண்டுவந்து ஒட்டியிருக்கிறார். எனக்குச் சிரிப்பு. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன், “பாரு, காருக்கு உரம் போட்டு வளர்த்திருக்கார்” என்று. கிழித்து உருட்டி எறிந்தேன், ஒட்டியிருந்த தாரை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, தகடு பளபளவென்று ஆனதைப் பார்த்துப் பெருமைப்பட்டேன். முன்கதவு இரண்டு, பின் வலது ஒன்று, ஆக மூன்று கதவிலும் இதையே செய்தேன். பின் இடது கதவின் கண்ணாடி நன்றாகவே ஓடியதால் அதை அப்புறம் பார்க்கலாம் என்று விட்டேன்.

கண்ணாடி விஷயம் சுலபமாக முடிந்தது. கண்ணாடியை ஏற்றி இறக்கும் விண்டோ மெஷினின் கையிலிருந்த பழைய கிரீஸ் மெழுகு மாதிரி இறுகிப்போயிருந்தது, சுரண்டி எடுத்து, கண்ணாடிக்கு அடியில் உள்ள சேனலைத் துடைத்து, புது கிரீஸ் வைத்ததும் சுண்டுவிரலில் சுற்றலாம் போல ஆகிவிட்டது. இதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை.

பேடுகளை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் ஒரு குஷன் கடையில் கொடுத்தேன். ஹெரால்டுக்கு வெளிநாட்டிலிருந்து ரெடிமேடாக வரவழைக்கலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். அங்கேதான் நம் வண்டிக்குத் தனிப் பிரச்சினை. இங்கிலாந்து ஹெரால்டில் நாலு கதவே கிடையாது, அது இங்கே மட்டும் வந்தது. அதனால் பின்கதவுக்கு எங்கேயும் பேட் இல்லை, முன்கதவும் அவர்களுடையதைவிடக் குட்டை. உள்ளூரில் செய்வதுதான் ஒரே வழி. மூன்று பேடுக்கு 5,400 ரூபாய். அதே ஹார்ட்போர்டு, புது ரெக்சின். பழைய காப்பிக் கலர் கிடைக்காமல் கொஞ்சம் சிவப்பு தூக்கலாக ஒன்று எடுத்தோம். நாலாவது கதவு அதனால் இன்றைக்கும் தத்துப்பிள்ளை மாதிரி தனியாகத் தெரிகிறது.

மாட்டும்போது கீழ்வரிசைத் துளைகள் ஐந்து மில்லிமீட்டர் தள்ளி இருந்தன. கையை மடக்கிக் குத்திக் குத்தி உட்கார வைத்தேன். சில கிளிப்கள் உட்கார்ந்தன, சில உள்ளேயே மடங்கின. மடங்கிய இடங்களில் ஒரு அங்குல ஸ்க்ரூ அடித்தேன். கண்ணாடியை இறக்கிப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. மறுநாள் இறக்கியபோது கரகரவென்று ஒரு சத்தம், ஏற்றிப் பார்த்தால் கண்ணாடியில் பென்சிலால் இழுத்தது போல நீளமாக ஒரு கோடு. அந்த ஸ்க்ரூவின் முனைதான். கோடு இன்னும் இருக்கிறது. ஸ்க்ரூ அடித்தே ஆக வேண்டும் என்றால் அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம், அடிக்கும் முன் கண்ணாடியைக் கீழே இறக்கிவைத்து, உள்ளே எவ்வளவு இடைவெளி என்று குச்சி விட்டுப் பாருங்கள்.

ஹேண்டில் மாட்டும்போது இன்னொரு கூத்து. பேடுக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு கூம்பு ஸ்பிரிங் வரும், அதுதான் வளையத்தை வெளியே தள்ளி, பின்னின் இரண்டு முனையையும் மூடிப் பிடிக்கிறது. ஒரு கதவில் அந்த ஸ்பிரிங்கை மறந்துவிட்டேன். பார்க்க எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இரண்டு வாரம் கழித்து மாமல்லபுரத்தில் பார்க்கிங் சீட்டு வாங்கக் கண்ணாடியை இறக்கினேன், ஹேண்டில் கையோடு வந்துவிட்டது. சீட்டு கொடுக்க வந்த பையன் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “இது இல்லாமயும் எறங்குமா சார்?” என்று கேட்டான்.

அக்டோபர் பாதியில் மழை பிடித்தது. முதல் பெரிய மழைக்கு மறுநாள் காலை காரைத் திறந்தால் டிரைவர் பக்கத் தரையில் ஒரு டம்ளர் தண்ணீர். முன்கண்ணாடி ரப்பர்தான் ஒழுகுகிறது என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதி, 1,200 ரூபாய் கொடுத்து ரப்பரைச் சுற்றி சீலன்ட் வைத்தேன். அடுத்த மழைக்கும் தண்ணீர். தரையில் ஓட்டை இருக்குமோ என்று மேட் எல்லாம் எடுத்துப் பார்த்தேன், இல்லை. நவம்பர் முடிவதற்குள் காருக்குள் ஈரச் சாக்கு நாற்றம், புது பேடின் கீழ்ப்பகுதி பூரி மாதிரி உப்பி, கிளிப்கள் ஒவ்வொன்றாகத் துளையிலிருந்து வெளியே வந்தன. ஒரு நாள் ராத்திரி நிறுத்திவைத்த காருக்குள் ‘டக்’ என்று ஒரு சத்தம், எலி என்று நினைத்து டார்ச் எடுத்துக்கொண்டு போனால் ஒரு கிளிப் கழன்று விழுந்திருக்கிறது. நிஜமாகவே அழுகை வந்தது. அப்பா 40 வருஷம் ஓட்டினார், ஒரு நாள் கூட இந்தக் கார் நாறியதில்லை.

பேட் சரியில்லை என்று சண்டை போடத்தான் குஷன் கடைக்குப் போனேன். கடைக்கார பாய் பேடைத் திருப்பிப் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். முழுக்க ஈரம். “உள்ள ஒரு தாள் இருந்திருக்குமே சார், அது எங்க?” என்றார். நான் யூரியா கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “அது இல்லாம நான் தேக்குல செஞ்சு குடுத்தாலும் நிக்காது சார்.”

எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது, கார்க் கதவின் உட்புறம் நனைவதற்கென்றே செய்யப்பட்டது. மழைத் தண்ணீர் கண்ணாடியில் வழிந்து, மேலே உள்ள ரப்பர் பட்டையைத் தாண்டிக் கொஞ்சமாவது கதவுக்குள் இறங்கத்தான் செய்யும், புது காரிலும் அப்படித்தான். இறங்கிய தண்ணீர் கதவின் அடியில் உள்ள சிறு துளைகள் வழியாக ரோட்டுக்குப் போய்விடும். நடுவில் விண்டோ மெஷின் மேலும் தகட்டின் பெரிய திறப்புகள் வழியாகவும் அது சிதறும். அப்படிச் சிதறும் தண்ணீர் பேடைத் தொடாமல் திரும்பக் கதவுக்குள்ளேயே சொட்ட வைப்பதுதான் அந்தத் தாளின் வேலை. அதனால்தான் அப்பா தாளின் கீழ் ஓரத்தை வெளியே ஒட்டாமல், தகட்டின் அடித் திறப்பு வழியாக உள்ளே செருகியிருந்தார். நான் அதைக் கிழிக்கும்போது பார்த்தேன். ஒழுங்காக வெட்டத் தெரியாமல் மிச்சத்தை உள்ளே திணித்திருக்கிறார் என்று நினைத்தேன்.

டிசம்பரில் எல்லாவற்றையும் மறுபடி பிரித்தேன். வெளியேற்றும் துளைகளில் ஐம்பது வருஷ மண்ணும், மக்கிய வேப்பிலையும், பழைய ஃபெல்ட் துணுக்கும் அடைத்திருந்தது, சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியால் குத்தி எடுத்தேன். டிரைவர் கதவின் அடி மடிப்பில் துரு வந்திருந்தது, அதை டிங்கர் வேலையும் பெயிண்டும் பார்க்க 3,500. முன் பேடு இரண்டையும் பாய் தண்ணீர் தாங்கும் 3 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட்டில் மறுபடி செய்துகொடுத்தார், 2,800, ரெக்சின் பழையதையே உரித்துப் போட்டதால் குறைந்தது. ஒரு தடவை காலியாகக் கதவில் வைத்துப் பார்த்து, எல்லாக் கிளிப்பும் துளைக்கு நேராக வருகிறது என்று உறுதி செய்த பிறகுதான் ரெக்சின் ஒட்டச் சொன்னேன். அதற்கு முன் பலகையின் இரண்டு பக்கமும் வார்னிஷ் இரண்டு கோட்டிங், ஓரங்களுக்கும் ஒவ்வொரு துளையின் உட்சுவருக்கும் சேர்த்து. தண்ணீர் குடிப்பது ஓரங்கள்தான், முகம் இல்லை. பின் வலது பேட் அவ்வளவு கெடவில்லை, வெயிலில் காயவைத்து, பின்னால் வார்னிஷ் அடித்து மாட்டினேன்.

தாளுக்குக் கனமான பாலித்தீன் ஷீட் போதும், ஹார்டுவேர் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். ஒட்டுவதற்கு பியூட்டைல் டேப், பிசுபிசுவென்று இருக்கும் ரப்பர் டேப், அது காயாது, அடுத்த முறை உரித்துத் திரும்ப ஒட்டலாம். பாத்ரூமுக்குப் போடும் வினிகர் வாசனை சிலிகான் வேண்டாம், அந்த வாசனையே அமிலம்தான், தகட்டைத் துரு பிடிக்க வைக்கும். ஹேண்டில் தண்டு வெளியே வரும் இடத்தில் வட்டமாக வெட்டாமல் பிளேடால் ஒரு சின்னக் கூட்டல் குறி போட்டால் தாள் தண்டை இறுக்கிப் பிடிக்கும். கீழ் ஓரம் உள்ளே. இதை மட்டும் மறக்காதீர்கள்.

பேட் மாட்டுவதற்கு முன்னால் ஒரு சோதனை. கண்ணாடியை ஏற்றி, வெளியிலிருந்து அதன் மேல் ஒரு பக்கெட் தண்ணீரை மக்கால் மெதுவாக ஊற்றுங்கள். தாளுக்குப் பின்னால் தண்ணீர் வழிவது தெரியும், அடியில் துளை வழியாகச் சொட்டுவது தெரியும், தாளின் இந்தப் பக்கம் கையால் தடவினால் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் தட்டினால் டேப்பை மறுபடி அழுத்துங்கள். அதே நேரத்தில் ஹேண்டிலை பின் போடாமல் சும்மா சொருகி, கண்ணாடியைப் பத்துத் தடவை ஏற்றி இறக்குங்கள், பூட்டு, உள் ஹேண்டில் எல்லாவற்றையும் கதவைத் திறந்து வைத்தபடியே இயக்கிப் பாருங்கள். ஏதோ ஒரு கம்பி கழன்றிருக்கும்போது கதவைச் சாத்திவிட்டால் திறப்பது பெரும்பாடு. ஒரு ராத்திரி, முடிந்தால் ஒரு மழை, பேட் இல்லாமலேயே விட்டுவைப்பது நல்லது. அம்மணமாக நிற்கும் கதவைப் பார்த்து வீட்டில் கேட்பார்கள். கேட்கட்டும்.

இந்தப் பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் கடைசிப் பின்னைத் தட்டி முடித்தேன். ஷீட், டேப், வார்னிஷ், புது கிளிப் எல்லாம் சேர்த்து 1,100 ஆனது, ஆனால் அது எப்படியும் ஆகியிருக்க வேண்டிய செலவு, மேலே சொன்ன 14,150-ல் அதைச் சேர்க்கவில்லை.

பின் இடது கதவை இதுவரை தொடவில்லை. சமீபமாகக் கண்ணாடி இறங்கும்போது லேசாகக் கிரீச்சிடுகிறது, கலரும் மற்றதோடு ஒட்டவில்லை, அதையும் மாற்றிவிடலாமே என்று மனைவி சொல்லிக்கொண்டே இருக்கிறாள். உள்ளே அப்பாவின் சாக்கு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் கதவுக்குக் கீழே மட்டும் தரை ஒரு மழைக்கும் நனையவில்லை.